முள்ளும் மருந்தும்: திருச்சுற்றில் பூக்கும் நெருஞ்சி

காவிரியின் கிளையாறு ஒன்று பாயும் சிற்றூர். ஊரின் வடகிழக்கே பழைமையான சிவாலயம் ஒன்று இருக்கிறது. உட்சுற்றுக்குக் கல் பாவியிருக்கிறார்கள். வெளிச்சுற்று மட்டும் வெறும் மண். அதன் தென்மேற்கு மூலையில் ஒரு வில்வ மரம். வடபுறத்தில் பராமரிப்பின்றிக் கிடக்கும் நந்தவனம். அதனை ஒட்டி மடைப்பள்ளிக்கு நீர் தரும் கிணறு. பிரதோஷ நாள்களில் மட்டுமே வெளிச்சுற்றில் மக்கள் நடமாட்டத்தைக் காணலாம்.

அவ்வூர்ப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எந்தப் பிரதோஷத்தையும் தவறவிட்டதில்லை. மாசி மாதத்துப் பிரதோஷம் ஒன்றில் வெளிச்சுற்றை மும்முறை வலம்வந்து வீடு திரும்பினார். அவருக்கு இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. பாதங்களில் உணர்வு குன்றியிருந்தமையால், வலக்காலின் அடியில் முள் ஒன்று தைத்திருந்ததை அவர் அறியவில்லை. நான்காம் நாள் பாதம் வீங்கிய பிறகுதான் அவர் மனைவியார் அதனைக் கண்டார். முள் எடுக்கப்பட்டது. ஆயினும் புண் ஆற இரண்டு மாதங்கள் ஆயின. சித்திரைச் சதயத்தில் நிகழும் அப்பர் பெருமான் குருபூசைக்கு, வாழ்நாளில் முதன்முறையாக, அவரால் கோயிலுக்குச் செல்ல இயலவில்லை.

அயல்நாட்டில் பணிபுரியும் அவருடைய மகன் செய்தியறிந்து வருந்தினார். வெளிச்சுற்று முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போடும் செலவைத் தாமே ஏற்பதாகவும், அதற்கு முன் களைக்கொல்லி தெளித்துச் செடிகளை அடியோடு ஒழித்துவிடலாம் என்றும் தெரிவித்தார். குருக்களுக்கும் மகிழ்ச்சியே. செயல் அலுவலரின் ஒப்புதலுக்கு விண்ணப்பமும் எழுதப்பட்டது. அதில் தந்தையார் கையொப்பமிட வேண்டியது ஒன்றே எஞ்சியிருந்தது.

பெரியவர் உடனே கையொப்பமிடவில்லை. தம் காலைத் தைத்த அந்தச் செடியை அவர் நன்கறிவார். அதன் பெயர் நெருஞ்சி.

நெருஞ்சி, நெருஞ்சில், சிறுநெருஞ்சில் எனத் தமிழில் வழங்கும் இச்செடியை மலையாளத்தார் ஞெரிஞ்ஞில் என்பர். தெலுங்கர் பல்லேரு என்பர். இந்தி பேசுவோர் கோக்ரூ என்பர். வடமொழியில் இதன் பெயர் கோக்ஷுரம். பசுவின் குளம்பைக் குறித்து எழுந்த பெயர் அது. தாவரவியலார் வழங்கும் 'டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்' என்னும் பெயரைச் சூட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், ஆண்டு 1753. பகைவரின் குதிரைகள் முன்னேறாதபடி பண்டைய போர்க்களங்களில் தூவிய இரும்பு முள்ளையும் 'டிரிபுலஸ்' என்னும் சொல் குறிக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முனையேனும் மேல்நோக்கி நிற்பது அந்த முள்ளின் இயல்பு. நெருஞ்சிக் காயும் அத்தகையதே.

தரையை விட்டு எழாமல் நான்கு திசையும் படர்ந்து கிடக்கும் சிறு பூண்டு இது. ஒரே வேரிலிருந்து புறப்படும் மெல்லிய தண்டுகள் ஒரு முழம், இரு முழம் எனச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் நீளும். தண்டிலும் இலையிலும் வெண்ணிற மென்மயிர் உண்டு. புளிய இலையை நினைவூட்டும் கூட்டிலைகள் எதிரெதிராக அமையும். ஆனால் ஒவ்வோர் இணையிலும் ஓர் இலை பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருப்பதைக் கூர்ந்து நோக்கினால் காணலாம். இலைக்கணுவில் ஒற்றைப் பூ. ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள், பசும்பொன் நிறம். விரல்நகத்தின் அளவே உள்ள அம்மலர் காலை வெயிலில் விரியும். பிற்பகலில் வாடத் தொடங்கும்.

மலர் உதிர்ந்த இடத்தில் காய் தோன்றும். முற்றிய காய் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் நீண்டு தடித்த முட்கள் இரண்டும், அவற்றினும் சிறியவை இரண்டும் உண்டு. மேல்நோக்கி நிற்கும் அந்த இரண்டு பெரு முட்களே நடப்பவர் பாதத்தில் தைப்பவை.

செடிக்கு இத்துணைக் கொடிய முள் எதற்கு? நெருஞ்சி நடக்க இயலாது. அதன் விதைக்குச் சிறகும் இல்லை. காற்றில் பறக்கும் எருக்கம் பஞ்சுபோலவோ பறவை உண்ணும் ஆலம்பழம்போலவோ அது பரவ வழியில்லை. ஆதலின் நடக்கும் காலையே அது ஊர்தியாகக் கொள்கிறது. மாட்டின் குளம்பிலும் ஆட்டின் கம்பளத்திலும் வழிப்போக்கரின் பாதத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த நிலத்தை அடைகிறது. பசுவின் குளம்பு அதன் வடமொழிப் பெயரில் இடம்பெற்றதற்கும் இவ்வியல்புக்கும் பொருத்தம் இருக்கிறது. ஒரு துண்டினுள் இரண்டு முதல் நான்கு விதைகள் வரை இருக்கும். அவை எல்லாம் ஒரே மழைக்கு முளைப்பதில்லை. சில அவ்வாண்டே முளைக்கும். சில மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் காத்திருக்கும்.

இனி, அதன் இருப்பிடம். அடர்ந்த சோலையிலும் நிழல் விழும் தோப்பிலும் நெருஞ்சியைக் காண்பது அரிது. நீர் தேங்கும் வயலுக்குள்ளும் அது வாராது. கதிரவன் தடையின்றிக் காயும் மணற்பாங்கான திறந்தவெளி, மேய்ச்சல் தரை, வண்டிப்பாதையின் ஓரம், அறுவடை முடிந்த களத்துமேடு, ஆற்றங்கரைத் திடல், கடலோர மணல், மானாவாரிக் கொல்லை ஆகியவையே அதன் ஊர். ஆழ இறங்கும் ஆணிவேர் ஈரத்தைத் தேடிப் பிடிக்கிறது. கரும்பும் சோளமும் கடும் வெயிலில் குறைந்த நீரைக்கொண்டு எவ்வாறு உணவு சமைத்துக்கொள்கின்றனவோ, அதே உள்ளமைப்பு இச்சிறு பூண்டுக்கும் உண்டு. பிற செடிகள் கருகும் மாசியிலும் பங்குனியிலும் இது பச்சையாய் இருப்பதன் காரணம் அதுவே.

சங்கப் புலவர்கள் இவ்வியல்புகளை நுணுகிக் கண்டிருந்தனர். குறுந்தொகையின் 202-ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கண்ணுக்கு இனிய நெருஞ்சிமலர் பின்னர் முள்ளாக மாறுவதைத் தலைவன் ஒருவனின் நடத்தைக்கு உவமை ஆக்குகிறார். முன்னர் இனியனாய் இருந்து பின்னர் இன்னாதன செய்பவன் அவன். அச்செடி வளரும் இடத்தையும் புலவர் குறிப்பிடத் தவறவில்லை. அது 'புன்புலம்', அதாவது நீர்வளமற்ற புன்செய் நிலம். புறநானூற்றின் 155-ஆம் பாடலில் மோசிகீரனார், கொண்கானங்கிழானை நோக்கி ஏந்திய புலவர் கலங்களை, எழும் கதிரவனை எதிர்கொள்ளும் நெருஞ்சிப் பூக்களுக்கு ஒப்பிடுகிறார். அங்கே அச்செடி வளர்வது மக்கள் நீங்கிப் பாழ்பட்ட ஊரில். திருவள்ளுவரோ 1120-ஆம் குறளில், அனிச்ச மலரும் அன்னத்தின் இறகுமே நெருஞ்சிப் பழமாக உறுத்தும் மெல்லிய பாதத்தைக் காட்டுகிறார்.

பாழ்பட்ட ஊர் என்னும் அந்தக் குறிப்பே ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் உள்ளத்தில் உறுத்தியது. ஆண்டுதோறும் வகுப்பில் அவர் நடத்திய பாடல் அது. மக்கள் புழங்காத நிலத்துக்கு அடையாளமாகவே புலவர் நெருஞ்சியைப் பாடினார். அப்படியானால், திருக்கோயிலின் வெளிச்சுற்றில் அது அடர்ந்து மண்டியிருப்பது எதற்கு அடையாளம்?

இவ்விடத்தில் திருநாவுக்கரசு சுவாமிகளை நினையாமல் இருக்க இயலாது. திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகத் தோன்றிய அப்பெருமான், புறச்சமயம் சார்ந்து தருமசேனராய் விளங்கியபோது கொடிய சூலை நோய்க்கு ஆளானார். தமக்கையார் திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகியும் தொண்டு செய்துகொண்டிருந்தார். அவரிடம் அடைக்கலம் புகுந்து, திருநீறு பெற்று, இறைவனைப் பாடி நோய் நீங்கிய மருள்நீக்கியார், அன்றுமுதல் நாவுக்கரசர் ஆனார். பாடல் வாய்த்தொண்டு. அதனோடு கைத்தொண்டாக அவர் மேற்கொண்டது உழவாரப்பணி. இன்றும் சிவாலயங்களில் அறுபத்துமூவர் வரிசையில் அவரை அடையாளம் காட்டுவது தோளில் சார்த்திய உழவாரப்படையே.

உழவாரம் எதற்கு? கோயில் வீதிகளிலும் திருச்சுற்றிலும் முளைத்த புல்லையும் முட்செடியையும் செதுக்குவதற்கு. வலம்வரும் அடியார்களின் பாதத்தில் முள் தைக்கலாகாது என்னும் அன்பே அத்தொண்டின் உயிர். திருப்புகலூரில் அவர் உழவாரப்பணி புரிந்த இடத்தில் பொன்னும் நவமணியும் மின்னுமாறு இறைவன் செய்தருளினான். அவற்றையும் பருக்கைக் கற்களையும் ஒன்றாகவே கருதி, உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் நாவுக்கரசர் என்று பெரிய புராணம் போற்றுகிறது. பொன்னை விலக்கியவர் தம் கைப்பணியை மட்டும் விலக்கவில்லை. முதுமையிலும் அதனைத் தொடர்ந்தார்.

காலில் கட்டுடன் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த நாள்களில், வைகாசி மாதத்தின் ஒரு காலைப்பொழுதில், மூதாட்டி ஒருவர் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றார். தோளில் பழைய சாக்குப்பை. பக்கத்து ஊரைச் சேர்ந்த அவர், மூலிகை பறித்து நாட்டு மருந்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவர்.

“ஐயா, கோயிலுக்குத் தளம் போடப் போகிறார்களாமே. மெய்தானா?” என்று அவர் கேட்டார்.

“ஆமாம் அம்மா. முள் தைத்து நான் படுகிற பாட்டைப் பார்த்து என் மகன் போட்டுத் தருகிறேன் என்கிறான்.”

மூதாட்டி அவர் காற்கட்டை நெடுநேரம் பார்த்தார். பின்னர் தயங்கியபடியே கூறினார்: “தப்பு என்னுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. வருஷாவருஷம் கார்த்திகை பிறந்ததும் நான் வருவேன். காய் பச்சையாக இருக்கும்போதே வேரோடு பறித்துக்கொண்டு போய்விடுவேன். நாலு வருஷமாக முழங்கால் வலி, வர முடியவில்லை. பறிக்க ஆள் இல்லாவிட்டால் அது முள்ளாகத்தானே முற்றும்?”

பெரியவர் பதில் கூறவில்லை. தாம் நடந்த சுற்றில் முள் இல்லாமல் இருந்த ஆண்டுகள் யாவும் எவர் கையால் அவ்வாறு இருந்தன என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார்.

அம்மூதாட்டி பறித்துச் சென்றது வெறும் களை அன்று. நெருஞ்சி, சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பெருமதிப்புடைய மூலிகை. பத்து வேர்களின் தொகுதியாகிய தசமூலத்துள் கோக்ஷுரமும் ஒன்று. வில்வம் முதலிய ஐந்து மரங்களின் வேர்கள் பெரும்பஞ்சமூலம். கண்டங்கத்திரி, நெருஞ்சி முதலிய ஐந்து சிறு செடிகளின் வேர்கள் சிறுபஞ்சமூலம். ஆக, அதே கோயிலின் தென்மேற்கு மூலையில் நிற்கும் வில்வ மரமும் அதன் எதிரே காலடியில் கிடக்கும் நெருஞ்சியும் மருத்துவ நூலில் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, கல்லடைப்பு ஆகியவற்றுக்கு நெருஞ்சில் குடிநீர் வழங்கப்படுகிறது. சிறுபீளையோடு சேர்த்துக் குடிநீர் இடுவதும் வழக்கம். வேர், தண்டு, இலை, பூ, காய் ஆகிய ஐந்தும் சேர்ந்த சமூலமாகவும், முற்றிய காய் தனியாகவும் கடைகளில் கிடைக்கும்.

நெருஞ்சில் என்று கேட்டு வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. யானை நெருஞ்சில் அல்லது பெருநெருஞ்சில் என்பது வேறு செடி. எள்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கும் பூ மஞ்சள்தான். ஆனால் அப்பூ சிறு குழல்போல் நீண்டிருக்கும். இலை பிளவுபடாத தடித்த ஒற்றை இலை. காய் நான்கு மூலைகளிலும் முள்ளுடன் கூம்பியிருக்கும். அதன் பசுந்தழையை நீரில் இட்டுக் கலக்கினால் நீர் எண்ணெய்போல் வழவழப்பாகத் திரளும். சிறுநெருஞ்சிலில் இவ்வியல்பு இல்லை. இரண்டும் மருந்தாகப் பயன்படுபவையே. ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மருத்துவர் சொல்லாமல் கொள்ளுதல் முறையன்று.

மருந்து என்பதனால் அளவின்றி அருந்துவதும் தகாது. நெருஞ்சில் குடிநீர் சிறுநீரைப் பெருக்கும். முதியவர்கள் பலர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர்கள். சிலருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அத்தகையோர் தாமாகவே இதனைக் காய்ச்சிக் குடிக்கலாகாது. உட்கொள்ளும் மாத்திரைகளின் விவரத்தைச் சித்த மருத்துவரிடமும், குடிநீர் பருகும் செய்தியைத் தம் மருத்துவரிடமும் தெரிவித்த பிறகே தொடங்குதல் வேண்டும். மேய்ச்சலில் நெருஞ்சியை மிகுதியாகத் தின்னும் ஆடுகளுக்குக் கல்லீரல் பழுதுற்று, வெயில் பட்டால் முகம் வீங்கும் நோய் உண்டாவதைத் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். அளவு மீறினால் துன்பம் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

பிறந்த மண்ணில் ஒரு செடி இருப்பதற்கும், அயல்மண்ணில் அது குடியேறுவதற்கும் வேறுபாடு உண்டு. மேலைநாட்டிலிருந்து கால்நடைகளோடு அமெரிக்காவை அடைந்த நெருஞ்சி, அங்கே மிதிவண்டிச் சக்கரங்களைத் துளைக்கும் பெருங்களையாகப் பரவிற்று. அதனை அடக்க 1961-ஆம் ஆண்டில், நெருஞ்சியை மட்டுமே நம்பி வாழும் கூன்வண்டு இனங்கள் இரண்டினை அதன் பழைய தாயகத்திலிருந்து கொண்டுசென்று விட்டனர். ஒன்று அதன் காயைத் துளைத்து விதையை உண்பது. மற்றொன்று தண்டைக் குடைவது. இங்கோ அச்செடியை உண்ணும் பூச்சிகள் இயல்பாகவே வாழ்கின்றன. புல்வெளிகளில் தாழப் பறக்கும் நீலநிறச் சிறு வண்ணத்துப்பூச்சிகளுள் சில அதன் தழையில் முட்டையிடுகின்றன. தேனீக்கள் அதன் பூவை நாடுகின்றன. பறிக்கும் மனிதக் கையும் அவற்றோடு சேர்ந்து செடியை அதன் எல்லைக்குள் வைத்திருந்தது. அந்தக் கை நின்றபோதுதான் எல்லை குலைந்தது.

பெரியவர் தம் மகனுக்கு நீண்ட மடல் ஒன்றை எழுதினார். மகன் கூறியவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. முதியோர் அச்சமின்றி வலம்வர வழி வேண்டும். ஆனால் களைக்கொல்லி தெளிக்கும் இடத்திலிருந்து சில அடி தொலைவில்தான் மடைப்பள்ளிக் கிணறு இருக்கிறது. சுற்று முழுவதும் சிமெண்டு பூசினால் மழைநீர் மண்ணில் இறங்காது. நண்பகல் வழிபாட்டுக்கு வருவோர் பாதம் வெப்பத்தில் கொப்புளிக்கும். தளம் பாவிய பெருங்கோயில்களில் தேங்காய்நார்ப் பாய் விரித்தும் நீர் தெளித்தும் அடியார்களை நடக்கச் செய்வது எவரும் காண்பதே. இவற்றை எழுதியபின் இறுதியில் ஒன்றைக் குறிப்பிட்டார்: தளம் போட்டுவிட்டால் உழவாரம் வேண்டியதில்லை, உழவாரம் வேண்டாத கோயிலுக்குப் பிரதோஷம் அல்லாத நாளில் எவர் வருவார்?

மகன் அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். “அப்பா, கோயில் அழகை நினைத்து நான் சொல்லவில்லை. உங்கள் காலை நினைத்துத்தான் சொன்னேன். இன்னொரு முறை முள் தைத்தால் விரலையே எடுக்க நேரிடலாம் என்று மருத்துவர் கூறியதை மறந்துவிட்டீர்களா?”

“மறக்கவில்லை தம்பி. எனக்கு மட்டுமா கால்? வருகிற எல்லாருக்கும் வழி வேண்டும். ஆனால் வழிக்கு ஐந்தடி போதும். மீதி மண்ணாகவே இருக்கட்டும். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.”

“யார் பார்த்துக்கொள்வது?” என்று மகன் கேட்டார். அதற்கு அன்று பெரியவரிடம் விடை இல்லை.

விடை தேட அவருக்கு ஆவணி வரை ஆயிற்று. தம்மிடம் பயின்ற பழைய மாணவர்களுள் ஊரில் தங்கியிருப்போரை ஒவ்வொருவராகக் கண்டார். பலர் வருவதாகக் கூறினர், வந்தவர் எழுவர். விண்ணப்பம் திருத்தி எழுதப்பட்டு, ஒப்புதல் கிடைத்து, ஐந்தடி அகலத்தில் கருங்கல் பலகைகள் மட்டும் வெளிச்சுற்றில் பாவப்பட்டன. எஞ்சிய நிலம் மண்ணாகவே நின்றது.

நெருஞ்சியை அடக்கும் முறையை அவர்களுக்குக் கற்பித்தவர் அந்த மூதாட்டி. முழங்கால் வலியால் குனிய முடியாத அவர், வில்வ மரத்தடியில் அமர்ந்து கை நீட்டிக் காட்டினார். ஐப்பசி மழையில் மண் நெகிழ்ந்திருக்கும்போதே பறித்தல் வேண்டும். அப்போதுதான் ஆணிவேர் அறாமல் வரும். பூ இருக்கலாம், பச்சைக் காய் இருக்கலாம். காய் பழுத்து உதிரும் வரை விடலாகாது. பக்கக் கொடியைப் பற்றி இழுத்தால் கொடிதான் அறும். கொடிகள் யாவும் கூடும் நடுமுடியைப் பற்றி மேல்நோக்கி எடுக்க வேண்டும். முன்னரே உதிர்ந்து கிடக்கும் முட்களைத் துடைப்பத்தால் பெருக்கினால் மண்ணுள் புதையும். ஈரச் சாக்கைத் தரையில் விரித்து மிதித்து இழுத்தால் முட்கள் சாக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஓராண்டில் முடியும் வேலை அன்று அது. மண்ணில் உறங்கும் விதைகள் அடுத்தடுத்த மழைக்கும் எழும்.

பறித்தவை வீணாகவில்லை. நிழலில் உலர்த்தி மூதாட்டியின் சாக்குப்பையில் இட்டுக் கொடுத்தனர். நந்தவனத்தின் வடமேற்கு மூலையில், எவர் காலும் படாத பத்தடிச் சதுர நிலத்தை நெருஞ்சிக்கென்றே விட்டுவைத்தனர். கல் அடுக்கி எல்லையும் கட்டினர். அதன் காய் முற்றுமுன் பறிக்கும் பொறுப்பு எழுவருள் ஒருவருடையது.

பெரியவர் தம் பாதங்களைக் காக்கவும் கற்றுக்கொண்டார். கோயிலிலிருந்து திரும்பியதும் கால்களைக் கழுவித் துடைத்து, சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத இடத்தை அவர் மனைவியார் விரலால் தடவிப் பார்க்கிறார். நீரிழிவு உடையோர்க்கு முள்ளைவிடக் கொடியது, முள் தைத்ததை அறியாமல் இருப்பதே. தைத்த முள்ளைத் துருப்பிடித்த ஊசியால் தாமே குடைந்தெடுக்காமல், அன்றே மருத்துவரிடம் காட்டி, தேவையாயின் தடுப்பூசியும் இட்டுக்கொள்ள வேண்டும் என்பதை உடன் வருவோர் அனைவர்க்கும் அவர் சொல்லி வருகிறார்.

அடுத்த மாசியில் பிரதோஷம் வந்தது. கல் பாவிய வழியில் மூன்று சுற்றும் முடித்து வந்த பெரியவரின் பாதம் பழுதின்றி இருந்தது. அதன்பின் வந்த சித்திரைச் சதயத்தில் அப்பர் பெருமானின் திருவுருவத்துக்குத் திருமஞ்சனம் நிகழ்ந்தபோது, எழுவரும் தத்தம் களைக்கொட்டுகளைச் சந்நிதியின் முன் வைத்து வணங்கினர். குருக்கள் அவற்றுக்கும் திருநீறு இட்டார். வந்திருந்தோர் கலைந்தபின், பெரியவர் மகனை அழைத்து இச்செய்தியைக் கூறினார்.

“எழுவர் போதுமா அப்பா?” என்று மகன் கேட்டார்.

“போதாது. நீ விடுப்பில் எப்போது வருகிறாய்?”

“ஐப்பசியில், தீபாவளிக்கு.”

“நல்லதாயிற்று. மண் ஈரமாக இருக்கும்” என்றார் பெரியவர்.

வடமேற்கு மூலையில், கல்லெல்லைக்குள், அன்று காலை விரிந்த நெருஞ்சிப் பூக்கள் இன்னும் வாடாமல் கதிரவனை நோக்கியிருந்தன.